ஈர விறகும் மூடிய அறையும்: அடுப்பெரிப்பில் நாம் விடும் பிழைகள்

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் வீடு கட்டிக் குடிபோன வருடம் நான் விட்ட முதல் பிழை, மாரி தொடங்கிய பிறகு விறகு வாங்கியது. ஐப்பசிக் கடைசி. லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) பெட்டி நிறைய விறகு, விலையும் வழக்கத்தைவிடக் குறைவு. இறக்கியவர், "நல்லாக் காஞ்ச விறகு தம்பி, யோசிக்காம எடுங்க" என்றார். அன்றிரவு புட்டு அவிக்கப் போன மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு குசினியை விட்டு வெளியே வந்தார். கொள்ளியின் ஒரு முனை எரிய, மறுமுனை நுரை தள்ளிக்கொண்டிருந்தது. அந்த மாரி முழுக்க விறகுக்கும் செலவு, காஸுக்கும் செலவு.

பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பத்துக் கிலோவை அடுப்பில் வைத்தால், ஐந்து லீற்றர் தண்ணீரை ஆவியாக்கிய பிறகுதான் மிச்சச் சூடு பானைக்குப் போகும். அதைவிடப் பெரிய நட்டம், ஈரத்தால் நெருப்பின் சூடு இறங்கிவிடுவது. எரிந்து சூடாக வேண்டியது எரியாமல் புகையாய்க் கூரைக்குப் போகிறது. குசினிச் சுவரில் படிந்த கரி, நாம் காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட விறகுதான்.

ஆகவே விறகு சேர்க்க வேண்டிய காலம் கச்சான் வீசும் காலம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை இங்கே அடிக்கும் அந்த அனல்காற்று வேறு எதற்கு உதவுகிறதோ இல்லையோ, விறகு காயவைக்க அதை விஞ்ச ஒன்றுமில்லை. முழுக்கட்டையாக அடுக்கி வைக்காதீர்கள். பட்டை மூடிய உருளை உள்ளே காயாது. மணிக்கட்டுத் தடிப்பில் பிளந்து போட்டால் சீக்கிரம் காயும். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கேட்கும், ஈரமானது மொத்தென்று விழும். வெட்டிய முகத்தில் வெடிப்பும் தெரிய வேண்டும். இதைத் தட்டிப் பார்க்காமல் எடுத்ததால்தான் நான் ஏமாந்தேன்.

அடுக்குவதிலும் ஒரு பிழை நடக்கிறது. மழை வருகிறதென்று குவியலைத் தறப்பாளால் தலை முதல் கால் வரை சுற்றிக் கட்டிவிடுகிறோம். உள்ளிருக்கும் ஈரம் போக வழியில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும். மேலே மட்டும் தகரமோ தறப்பாளோ போட்டு, பக்கங்களைக் காற்றுக்கு விடுங்கள். கீழே இரண்டு சீமெந்துக் கல் வைத்து நிலத்திலிருந்து உயர்த்துங்கள், கறையான் ஏறாது. வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்கவும் வேண்டாம். விறகுக் குவியலுக்குள் விரியன் குடியிருப்பது இங்கே புதினமில்லை. விடியப்புறம் வெறுங்கையை உள்ளே விடாதீர்கள்.

எரியாத விறகுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவதும், சொப்பிங் பையைக் கொளுத்திச் செருகுவதும் பழக்கமாகிவிட்டது. அந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகிறது. எங்கள் அம்மம்மா ஒரு கடகம் நிறையப் பன்னாடையும் ஊமலும் (காய்ந்த பனங்கொட்டை) சிரட்டையும் அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருப்பார். மாரியில் அவர் அடுப்பு ஒரே ஊதலில் பற்றும்.

சரி, விறகு காய்ந்துவிட்டது. அடுத்தது அடுப்பு. மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் கொஞ்சம் கூட, பானைக்குச் சேரும். ஒரே மண்ணில் இரண்டு வாய் வைத்துச் செய்த அனகி அடுப்பில் இது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். ஆனால் வாங்கியவர்களில் பலர் இரண்டாவது வாயைச் சும்மா விடுகிறார்கள். அதில் ஒரு கேத்தல் தண்ணீராவது இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வாய்வழியே சூடு வெளியே போய்விடும். அடுப்பு வாய் நிறைய விறகைத் திணிப்பதும் வீண்தான், காற்றுப் போக இடம் வேண்டும்.

இனிச் சொல்லப்போவது காசுக் கணக்கு அல்ல, உயிர்க் கணக்கு. வாடைக்காற்றும் மழையுமான மார்கழி இரவில், பிள்ளை பெற்ற வீட்டில் தணல் சட்டி வைப்பது நம் வழக்கம். குளிர் புகாதபடி யன்னல் கதவெல்லாம் சாத்திவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் சட்டியை வைத்துப் படுத்துவிடுகிறார்கள். புகை இல்லாத தணல் ஆபத்தில்லாதது என்ற நினைப்பு. உண்மையில் தணலிலிருந்து காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வருகிறது. அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. தூங்குகிறவர் தலைவலி வந்து எழும்பக்கூட மாட்டார். அறையைச் சூடாக்க வேண்டுமென்றால் முன்கூட்டித் தணல் வைத்து, படுக்கும் முன் சட்டியை வெளியே எடுத்து, யன்னலைக் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கள். வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றித் தாயின் காலடியில் வைப்பது அதைவிட நல்லது.

காஸ் சிலிண்டரில் நான் அடிக்கடி காணும் பிழை, முடியுந்தறுவாயில் அதைச் சரித்து வைத்தோ உருட்டியோ கடைசிச் சொட்டை எரிப்பது. சரித்தால் திரவக் காஸ் ரெகுலேட்டருக்குள் வந்துவிடும், சுவாலை சீறிப் பாயும். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். மணம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்து வெளியேறுங்கள். ஹோஸிலும் இணைப்பிலும் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். 2021 கடைசியில் நாடு முழுக்க வெடித்த அடுப்புகளை மறந்துவிட முடியாது. அடுத்த வருடம் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்றதையும்தான். அந்த வரிசையில் நின்ற பிறகு, ஒரே எரிபொருளை நம்பி விறகடுப்பை இடித்தவர்களுக்காக நான் பரிதாபப்படுவதுண்டு.

கரண்ட் அடுப்பு மலிவா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 12.5 கிலோ சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்ய ஏறக்குறைய 100 யூனிட் வேண்டும். சிலிண்டர் விலையை 100 ஆல் பிரித்து, உங்கள் பில்லில் உள்ள யூனிட் விலையோடு ஒப்பிடுங்கள். ஒரு பொறி உண்டு: மாதம் 60 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு ஒரு விலை, தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை. 50 யூனிட் எரிக்கும் சின்ன வீட்டில் இந்த அடுப்பு நுழைந்தால் விளக்கு வெளிச்சமும் விலை ஏறிவிடும். ஏற்கனவே எல்லையைத் தாண்டிய வீட்டுக்கு இந்தப் பயம் குறைவு.

அப்புறம், குளிக்க வெந்நீர். ஆச்சி அப்புவுக்காக 3,500 வாட் ஹீட்டர் வாங்கிப் பழைய வயரில் பூட்டுகிறார்கள். அது 15 அம்பியர் இழுக்கும், 13 அம்பியர் பிளக் தாங்காது. கறுப்பு வாளியிலோ கறுப்புப் பீப்பாயிலோ தண்ணீர் நிரப்பிக் காலையில் வெயிலில் வைத்தால், மூன்று மணிக்கு ஒரு கிழவர் குளிக்கும் சூடு தானாக வந்துவிடும். மழை நாளில் அனகியின் இரண்டாவது வாய் இருக்கிறது. இரண்டும் சரிவராவிட்டால் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப் போங்கள், ஏழு கிணற்றிலும் தண்ணீர் விறகில்லாமலே சுடுகிறது.