வெளிநாட்டுல போர், நம்ம புள்ள அங்க: எம்பசிகிட்ட என்ன கேக்கறது, எப்படி கேக்கறது

2022 பிப்ரவரியில எங்க அக்கா பையன் உக்ரைன்ல கார்கிவ்ல எம்பிபிஎஸ் படிச்சிட்டிருந்தான், நாங்க அம்மாபேட்டையில கொலுசுப் பட்டறைய மூடிட்டு ஃபோனை பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம். அப்ப நாங்க பண்ண தப்ப வேற யாரும் பண்ண வேணாம்னுதான் இத எழுதறேன்.

மொதல்ல அட்வைசரிய, அதாவது எம்பசி விடற எச்சரிக்கை அறிவிப்ப, படிக்க கத்துக்கங்க. ஒரு நாட்டுல உக்காந்துகிட்டு "இங்க போர் வருது, ஓடுங்க"ன்னு தூதர் எழுத முடியாதுங்க, அதனால மெதுவாதான் சொல்லுவாங்க. பிப்ரவரி 15 உக்ரைன் தலைநகர் கீவ்ல இருக்கற நம்ம இந்திய எம்பசி போட்டது, அவசியமில்லாதவங்க, முக்கியமா ஸ்டூடண்ட்ஸ், கொஞ்ச நாள் கிளம்பறத யோசிக்கலாம்னு. 20ஆம் தேதி அது "கிளம்புங்க"ன்னு மாறிச்சு. 22ஆம் தேதி, ஆன்லைன் கிளாஸ் பத்தி காலேஜ் சொல்லட்டும்னு காத்திருக்காதீங்கன்னாங்க. 24 விடியறதுக்குள்ள குண்டு விழுந்து வானத்தையே மூடிட்டாங்க. நாங்க அட்டெண்டன்ஸ் போயிடும்னு டிக்கெட் போடாம விட்டவங்க. "யோசிக்கலாம்"னு வர்ற அன்னிக்கே டிக்கெட் போடுங்க, அவ்ளோதான்.

அடுத்தது லிஸ்ட், அதாவது அங்க மாட்டிக்கிட்டவங்க லிஸ்ட்ல பேர் சேக்கறது. எம்பசி ஆன்லைன் ஃபாரம்ல பேர், பாஸ்போர்ட் நம்பர், இப்ப இருக்கற இடம், வாட்ஸப் நம்பர் எல்லாம் புள்ளையே போடணும். நீங்க இங்க வெளியுறவுத்துறையோட 'மதத்' (MADAD)ங்கற, வெளிநாட்டுல இருக்கற இந்தியர்களுக்கான குறைதீர்ப்பு போர்ட்டல்லயும், கலெக்டர் ஆபீஸ்லயும், சென்னை அயலகத் தமிழர் நலத்துறையிலயும் அதே விவரத்த குடுங்க, ஆனா எல்லா எடத்துலயும் ஒரே ஃபோன் நம்பர். எங்க மச்சான் அவர் நம்பர குடுத்துட்டு எஸ்டேட் வேலையா ஏற்காடு ஏறிட்டாரு, எட்டாவது கொண்டை ஊசி வளைவுல டவர் போச்சு, ரெண்டு மணி நேரம் யாருக்கும் ஒண்ணும் தெரியல.

எம்பசியால என்ன முடியாதுன்னும் தெரிஞ்சிக்கங்க. பட்டாளமெல்லாம் அவங்ககிட்ட கிடையாது. சண்டை போடற ரெண்டு பக்கத்துகிட்டயும் பேசி வழி கேப்பாங்க, பஸ் பிடிப்பாங்க, பக்கத்து நாட்டு எல்லைய திறக்க வைப்பாங்க. மார்ச் 2 கார்கிவ விட்டு உடனே வெளியேறுங்க, வண்டி கிடைக்காதவங்க நடந்தாவது சாயங்காலம் 6 மணிக்குள்ள பெசோசின், பபாயே, பெஸ்லுடிவ்கா போயிடுங்கன்னு சொன்னாங்க, கிட்டக்க இருந்த பெசோசினே 11 கிலோமீட்டர், பனியில. பையன் "மாமா, வண்டி அனுப்ப மாட்டாங்களா"ன்னு கேட்டான், எனக்கு வார்த்தையே வரல. ஆனா குறிப்பா எடமும் நேரமும் சொல்லி "போ"ன்னா ஏதோ தெரிஞ்சுதான் சொல்றாங்க, அப்ப விவாதம் பண்ணக்கூடாது. உக்ரைன்லயே சுமிங்கற ஊர்ல மாட்டிக்கிட்ட கிட்டத்தட்ட 700 பேர் வழி கிடைக்கற வரைக்கும் காத்திருந்து மார்ச் 8தான் கிளம்புனாங்க.

பாஸ்போர்ட் தொலைஞ்சா பதறாதீங்க, எமர்ஜென்சி சர்டிபிகேட் குடுப்பாங்க, இந்தியா வர்றதுக்கு மட்டும் அது செல்லும். பாஸ்போர்ட் முதல் கடைசி பக்கம், விசா போட்டோ ரெண்டும் உங்க ஃபோன்லயும் இருக்கட்டும்.

எல்லை தாண்டிட்டா கீவ்க்கு கூப்பிட்டுட்டே இருக்காதீங்க, அந்த நாட்டுல இருக்கற இந்திய எம்பசிதான் இனி உங்களுக்கு. கீவ் எம்பசியே மார்ச் 13 போலந்துக்கு மாறிடுச்சு, மே 17தான் திரும்ப போனாங்க. நம்ம அரசு புள்ளைங்கள கூட்டிட்டு வர விட்ட ஆபரேஷன் கங்கா ஃபிளைட்டுக்கு காசு கேக்கல, அதனால நடுவுல எவனாவது "சீட்டு வாங்கித் தரேன், ஜிபே பண்ணுங்க"ன்னா ஃபோனை வச்சிடுங்க, எங்களுக்கும் ஒருத்தன் கூப்பிட்டான்.