கீச் சத்தமா? பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் அடித்துப் பாருங்கள்

பிக்கப் எஞ்சினின் முன்பக்கம் கீச் கீச்சென்று கத்தினால் உடனே புது பெல்ட் வாங்கிவிடாதீர்கள். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஸ்பிரே பாட்டிலால் பெல்ட்டின் வரி உள்ள பக்கத்தில் லேசாகத் தண்ணீர் அடியுங்கள். கையும் துண்டும் ஃபேன் பக்கம் போகக் கூடாது.

சத்தம் அடங்கி, ஈரம் காய்ந்ததும் திரும்பினால் பெரும்பாலும் புல்லிகள், அதாவது பெல்ட் ஓடும் சக்கரங்கள், ஒரே நேரில் இல்லை. பெல்ட் பள்ளத்தின் ஓரத்தில் உரசுகிறது, தண்ணீர் அந்த உரசலைக் கொஞ்ச நேரம் குறைக்கிறது. இதற்குப் புது பெல்ட் போட்டாலும் காசு தண்டம்தான். தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட்டின் டென்ஷன், அதாவது இறுக்கம், போதவில்லை. ஈரத்தில் பிடிமானம் இன்னும் குறைந்து பெல்ட் வழுக்குகிறது. மாற்றமே இல்லையா? எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, புல்லிகளைக் கையால் சுற்றிப் பேரிங்கைப் பாருங்கள்.

ஏற்காட்டுப் பனியில் இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையிலேயே இதைச் செய்ய வேண்டாம். பெல்ட் ஏற்கெனவே ஈரமாக இருக்கும். அடிவாரம் இறங்கி, காய்ந்த பிறகு பாருங்கள். எண்ணெய் பட்ட பெல்ட்டிலும் இந்தச் சோதனை பலிக்காது. எஞ்சினுக்குள்ளிருந்து டக் டக்கென்று வந்தால் அது வேறு கதை: வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முதலில் ஆயில் அளவைப் பாருங்கள்.