மின்சார கார் புதுசா? பழுது போலத் தெரியும் சங்கதிகளும் அவற்றைக் கையாளும் முறையும்

சார்ஜில் நிற்கும் கார் நள்ளிரவில் திடீரென்று இரைகிறது. அடியில் தண்ணீர் சொட்டுகிறது. மழை பெய்த மறுநாள் பிரேக்கை மிதித்தால் கரகரவென்று சத்தம். நேற்று வரை ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இழுத்துப் பிடித்த கார், இன்று பிடிக்காமல் உருண்டு போகிறது. இவை எதுவும் பழுது இல்லை. ஆனால் காரணம் தெரியாவிட்டால் வீண் பயம் வரும், ஓரிரு இடங்களில் ஆபத்தும் வரும். புதிதாக வாங்கியவர்கள் எந்த வரிசையில் இவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ, அதே வரிசையில் எழுதியிருக்கிறோம்.

படி 1: கார் வருவதற்கு முன்பே பிளக் பாயின்ட்டைப் பாருங்கள்

காரோடு வரும் 15 ஆம்பியர் சார்ஜர் சுமார் 3.3 கிலோவாட் இழுக்கும். கீசரும் கிட்டத்தட்ட அந்த அளவு இழுக்கக்கூடியதுதான், ஆனால் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். கார் எட்டு, பத்து மணி நேரம் ஓயாமல் இழுக்கும். பல வருடமாகக் கீசருக்கு நன்றாக உழைத்த சாக்கெட் காருக்குப் போட்டதும் பழுப்பேறி உருகுவது இதனால்தான்.

எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியவை: மெயின் போர்டிலிருந்து நேராக, இடையில் வேறு எதற்கும் பிரியாத 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், அதற்குத் தனியாக 20 ஆம்பியர் எம்சிபி (பளு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச்). சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் 32 ஆம்பியர் தொடர்ந்து ஓடும். அதற்குத் தூரத்தைப் பொறுத்து 6 அல்லது 10 சதுர மி.மீ. ஒயர் தேவை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

முதல் முறை சார்ஜ் போட்டு அரை மணி நேரம் கழித்து, பிளக்கின் மேல்பகுதியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கையை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே ஸ்குரூ தளர்ந்திருக்கிறது, அல்லது சாக்கெட்டின் பிடி விட்டுப்போயிருக்கிறது. சார்ஜை நிறுத்திவிட்டு சாக்கெட்டை மாற்றுங்கள். அதுவரை அவசரம் என்றால், காரின் திரையில் மின்னோட்டத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து 10 ஆம்பியருக்குக் கீழே வைத்து, வேறொரு நல்ல பாயின்ட்டில் போடலாம்.

அடுத்தது எர்த். புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். பிளக்கைச் சொருகியதும் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும், கார் சார்ஜ் ஏறாது. ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் அதே வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அவை எர்த் இல்லாமலே ஓடும், கார் சார்ஜர் எர்த்தைச் சோதித்த பிறகே மின்சாரத்தை விடும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 220 முதல் 240 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பத்து, பதினைந்து என்று காட்டினால் எர்த் பலவீனம்.

கோடையில் மண் காய்ந்தால் பழைய எர்த் குழி வேலை செய்யாது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் அன்றைக்குத் தேறும். நிரந்தரத் தீர்வு, எட்டுப் பத்து அடி ஆழத்துக்குப் புதிய எர்த் போடுவதுதான். சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்து "விளக்கு பச்சையாகிவிட்டது" என்பார்கள். இதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். வெளியே நியூட்ரல் அறுந்தால் காரின் உடல் முழுக்க மின்சாரம் வந்துவிடும், கதவைத் திறக்கும் குழந்தையின் கை அதில்தான் படும்.

மின் கட்டணத்தையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். மாதம் 1,000 கி.மீ. ஓட்டம், 100 கி.மீ.க்கு 14 யூனிட் என்றால் 140 யூனிட். சார்ஜ் ஏறும்போது சுமார் பத்து சதவீதம் சூடாக வீணாவதால் மீட்டரில் 155 யூனிட் ஓடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் பில்லில் 310 யூனிட் கூடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறி, அதற்கு முந்தைய யூனிட் சிலவற்றுக்கும் விலை ஏறும். ஆகவே பழைய பில்லை இதே வீதத்தில் பெருக்கிப் பார்த்தால் கணக்குத் தப்பும். வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட பளு எவ்வளவு என்பதையும் பாருங்கள். ஒன்றரை டன் ஏசி, கீசர், கார் மூன்றும் சேர்ந்தால் 7, 8 கிலோவாட் வரை வரும். போதவில்லை என்றால் மின்வாரியத்தில் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

படி 2: இரவுச் சத்தங்களுக்குப் பழகுங்கள்

சார்ஜ் தொடங்கும்போது "டக், டக்" என்று கேட்பது பேட்டரியை இணைக்கும் பெரிய ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள். முன்பக்கம் மின்விசிறி இரைவது, பேட்டரி சூட்டைத் தணிக்க. பல கார்களில் பேட்டரியைக் குளிர்விக்க ஏசி கம்ப்ரசரே இறங்கி வேலை செய்யும். அப்போது வீட்டு ஏசியில் சொட்டுவது போலவே கார் அடியிலும் தண்ணீர் சொட்டும். நிறமில்லாத வெறும் தண்ணீர் என்றால் கவலை வேண்டாம். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று நிறத்தோடு பிசுபிசுப்பாக இருந்தால் அது கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்), சர்வீஸ் சென்டரில் காட்டத்தான் வேண்டும்.

படி 3: நூறு சதவீதத்தில் மலை இறங்காதீர்கள்

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார் வேகம் குறைவது, மோட்டார் ஜெனரேட்டராக மாறி ஓட்டத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவதால். ரீஜென் என்பது இதுதான். பேட்டரி நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை, ரீஜென் குறையும் அல்லது அடியோடு நிற்கும். சமதளத்தில் இது ஒரு சின்ன வித்தியாசம். மலையில் அப்படியில்லை.

ஊட்டியை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்கவே ஏறத்தாழ 9 யூனிட் வேண்டும். அந்த 50 கி.மீ. ஓட்டத்துக்கான 7 யூனிட் தனி. 40 யூனிட் பேட்டரி உள்ள காரில், மேலே போய்ச் சேரும்போது 40 சதவீதம் குறைந்திருந்தால் அது நியாயமான கணக்கு, பேட்டரி கெட்டுவிடவில்லை. இறங்கும்போது தூக்கிய சக்தியில் ஒரு பங்கு திரும்பி வரும். ஊட்டியில் இருந்ததைவிட மேட்டுப்பாளையத்தில் சதவீதம் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு.

ஆகவே மேலே தங்கும் விடுதியில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு நூறாக்கிவிட்டுக் கிளம்புவதுதான் தவறு. 80, 85 சதவீதத்தில் நிறுத்துங்கள். ஊட்டியிலிருந்து குன்னூர் வரை இறக்கம் மிதமானது. அதற்குப் பிறகு பர்லியார் வழியாகக் கீழே வருவதுதான் உண்மையான இறக்கம். அங்கே ரீஜெனை அதிக நிலையில் வையுங்கள். தப்பித் தவறி நிறைந்த பேட்டரியோடு இறங்க நேர்ந்தால், "செகண்ட் கியரில் இறங்கு" என்ற பழைய வித்தை இந்தக் காரில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். பிரேக்கைத் தொட்டபடியே இறங்க வேண்டாம். வேகம் ஏறியதும் அழுத்தமாக மிதித்துக் குறைத்து, காலை முழுதாக எடுத்து ஆற விடுங்கள். தீய்ந்த வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி, இருபது நிமிடம் நிறுத்துங்கள்.

இதற்கு ஒரு பயிற்சி: ஊரிலேயே ஒரு நாள் நூறு சதவீதம் ஏற்றி, ஆளில்லாத சாலையில் 40 கி.மீ. வேகத்தில் காலை எடுத்துப் பாருங்கள். கார் வழுக்கிப் போகும் அந்த உணர்வு ஒருமுறை தெரிந்துவிட்டால் மலையில் திடுக்கிட மாட்டீர்கள்.

பின்சீட்டில் இருப்பவர்களுக்குக் குமட்டல் வருவதற்கும் இதே ரீஜென்தான் பெரும்பாலும் காரணம். ஓட்டுபவரின் கால் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அவர்கள் தலை முன்னும் பின்னும் ஆடும். அம்மா, அப்பா, குழந்தைகளோடு போகும்போது குறைந்த நிலையில் வைத்து, காலை மெல்ல மெல்ல எடுங்கள்.

படி 4: திரையில் தெரியும் கிலோமீட்டரை நம்பாமல் சதவீதத்தை நம்புங்கள்

மீதித் தூரம் என்று கார் காட்டுவது, கடைசியாக நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் ஊகம். மலை ஏறி முடித்தால் பயமுறுத்தும், இறங்கி முடித்தால் ஆசை காட்டும். நீங்களே கணக்குப் போடுங்கள்: ஒரே சாலையில் 50 கி.மீ. ஓட்டி எத்தனை சதவீதம் குறைந்தது என்று குறித்து வையுங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 80-இல் போவதற்கும் 110-இல் போவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். இரண்டு வேகத்துக்கும் தனித்தனியாகக் குறிப்பது நல்லது.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியில் இன்னொரு விசித்திரம் உண்டு. அதன் வோல்டேஜ் நடுவில் வெகுநேரம் மாறாமல் நிற்பதால், எவ்வளவு மிச்சம் என்று காருக்கே சரியாகத் தெரியாது. பல வாரம் 30-க்கும் 70-க்கும் நடுவிலேயே ஓட்டினால் கணக்குத் தவறி, சதவீதம் திடீரென்று குதித்து இறங்கும். உங்கள் காரின் கையேட்டில் சொன்ன இடைவெளியில், மெதுவான வீட்டுச் சார்ஜரில் நூறு வரை ஏற்றி, தானாக நிற்கும் வரை விடுங்கள். என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) வகை என்றால் தினசரிக்கு 80 சதவீதம் போதும். எந்த வகையானாலும் நூறு சதவீதத்தோடு நாள்கணக்கில் வெயிலில் நிறுத்தக் கூடாது.

படி 5: ஃபாஸ்ட் சார்ஜரில் எண்பதோடு கிளம்புங்கள்

பேட்டரி நிறைய நிறைய, உள்ளே வாங்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி இருபது சதவீதத்துக்கு முதல் அறுபதுக்கு ஆன நேரமே ஆகலாம். வரிசையில் ஆள் நிற்கும்போது அது அவர்களுக்கும் தொல்லை. கேபிளின் முனையில் காரில் சொருகும் பிடியைத் துப்பாக்கி என்பார்கள், அது வெளியே வரவில்லை என்றால் இழுத்துப் போராடாதீர்கள். ஆப்பில் சார்ஜை நிறுத்துங்கள், காரின் கதவுகளை அன்லாக் செய்யுங்கள், கேபிளின் எடையை ஒரு கையால் தாங்கித் துப்பாக்கியை லேசாக உள்ளே தள்ளி, பிறகு நேராக இழுங்கள். பெரும்பாலும் கேபிளின் பாரத்தில் பூட்டு முள் இறுகியிருக்கும். அதற்கும் அசையாவிட்டால், பல கார்களில் கையால் இழுத்துத் திறக்கும் கயிறு ஒன்று இருக்கும். அது எங்கே என்று கையேட்டில் இன்றே பார்த்து வையுங்கள்.

படி 6: சின்ன பேட்டரியை மறக்காதீர்கள்

பெரிய பேட்டரியில் 70 சதவீதம் இருந்தும் கார் செத்துக் கிடந்தால், சந்தேகப்பட வேண்டியது 12 வோல்ட் பேட்டரியை. பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களை இயக்குவதே அந்தச் சின்னதுதான். கார் அணைந்து நிற்கும்போது அலாரமும் டேஷ்கேமும் அதிலிருந்தே குடிக்கின்றன. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12-க்குக் கீழே போனால் ஆபத்து. காரை வீட்டில் விட்டுப் பல நாள் வெளியூர் போகுமுன் டேஷ்கேமைக் கழற்றிவிட்டு, பெரிய பேட்டரியைப் பாதி அளவில் விட்டுப் போங்கள். செத்துவிட்டால் வேறொரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு உயிர் கொடுக்கலாம், இணைக்கும் இடத்தைக் கையேடு காட்டும். உங்கள் காரிலிருந்து இன்னொரு காருக்கு இப்படிக் கொடுப்பதைப் பல நிறுவனங்கள் தடுக்கின்றன.

படி 7: பிரேக், அமைதி, ஜாக்கி

ரீஜென் பெரும்பாலான வேலையைச் செய்வதால் பிரேக் டிஸ்க் சும்மா கிடந்து துருப்பிடிக்கும். மழைக்குப் பின் கேட்கும் கரகரப்பு அதுதான். வாரம் ஒருமுறை ரீஜெனைப் பூஜ்யத்தில் வைத்து, பின்னால் வண்டி இல்லாத இடத்தில் ஐந்தாறு முறை அழுத்தி மிதித்தால் துரு தேய்ந்துவிடும்.

சத்தம் இல்லாததால் கார் ஓடும் நிலையில் இருப்பதையே மறந்து இறங்கிவிடுவார்கள். பார்க்கிங் நிலை, ஹேண்ட் பிரேக், பட்டனை அணைத்தல், திரை அணைந்ததைக் கண்ணால் பார்த்தல், அதன் பிறகே சீட் பெல்ட்டைக் கழற்றுதல் என்று வரிசையைப் பழக்கமாக்குங்கள். தெருவில் எடுக்கும்போது அடியில் நாய் படுத்திருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். இன்ஜின் சத்தம் கேட்டு எழுந்து போகப் பழகிய நாய் இந்தக் காருக்கு எழாது.

பஞ்சர் கடையில் டயரைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். அடிப்பகுதி முழுக்கப் பேட்டரிப் பெட்டி. ஜாக்கியை வழக்கம்போல நடுவில் கொடுத்தால் பெட்டி நசுங்கும். சக்கரத்துக்குப் பக்கத்தில், கதவுக்கு அடியிலுள்ள விளிம்பில், ஜாக்கி வைக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நான்கு இடத்தையும் ஒரு முறை விரலால் தடவிப் பார்த்து வைத்துக்கொண்டால், கடைக்காரத் தம்பிக்கு இருட்டிலும் காட்டிவிடலாம்.