எலக்ட்ரிக் சைக்கிள் ரிம் பிரேக்: சத்தம் வந்தால் செய்யக் கூடாத காரியங்கள்

பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, சத்தம் போடுகிறது என்று எலக்ட்ரிக் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பிரேக்கின் கோளாறைவிட அவர்கள் அதில் செய்துவைத்திருக்கும் கைவைத்தியம்தான் முதலில் கண்ணில் படுகிறது. இந்த வேலையைக் கற்றுக்கொண்ட எல்லோரும் ஆரம்பத்தில் செய்து பார்த்தவைதான் அவை. ஆனாலும் ஒவ்வொரு புதியவரும் அதே வரிசையில் அதையே செய்வதைப் பார்க்கும்போது எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ரிம்மை (சக்கரத்தின் உலோக வளையத்தை) அமுக்கி நிறுத்தும் ரப்பர் கட்டை தேய்ந்தால் மாற்றுங்கள், நட்டு தளர்ந்தால் இறுக்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு கணக்கு. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 15 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிளை நிறுத்துவதைவிட, அதே எடையில் 25 கி.மீ. வேகத்தில் போவதை நிறுத்த ஏறக்குறைய 2.8 மடங்கு ஆற்றலை பிரேக் விழுங்க வேண்டும். பேட்டரியும் மோட்டாரும் சேர்க்கும் எடை தனி. சாதாரண சைக்கிளில் பல ஆண்டுகள் மன்னிக்கப்படும் தவறு, எலக்ட்ரிக் சைக்கிளில் சில மாதங்களிலேயே பல்லைக் காட்டிவிடும்.

கரகரப்பைக் கேட்டுவிட்டு கேபிளை இறுக்குவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மற்ற தவறுகளுக்குக் கட்டையோ கேபிளோ போகும். இந்தத் தவறுக்கு ரிம்மே போகும்.

ஒரு தம்பி வண்டி கொண்டுவந்தார். பின் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டார், இரண்டு நீளக் கைகளால் ரிம்மை இரு பக்கமும் அமுக்கும் வி-பிரேக். “அண்ணே, பிரேக் பிடிச்சா கரகரன்னு சத்தம். பிடிமானமும் இல்ல. பேட்டரியும் முன்ன மாதிரி தூரம் போக மாட்டேங்குது” என்றார். மூன்றும் ஒரே புகார்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. லீவரில் இருக்கும் திருகு கிட்டத்தட்ட முழுவதும் வெளியே வந்திருந்தது; அது வெளியே வர வர கேபிள் இறுகும். சத்தம் கேட்கக் கேட்க அதைத் திருகித் திருகிக் கேபிளை இறுக்கியிருக்கிறார். சத்தம் வந்தால் கொஞ்சம் இறுக்கிவிடு என்று யாரோ சொல்லிக்கொடுத்ததாம். இந்த ஒற்றை யோசனை எத்தனை ரிம்களைத் தின்றிருக்கிறது!

கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். கறுப்பு ரப்பருக்குள் வெள்ளி நிறத்தில் பொடிப்பொடியாக மின்னியது. அலுமினியச் சீவல். ஓரிரு இடங்களில் நகத்தால் நெருடினால் தட்டுப்படும் அளவுக்குப் பெரியது.

நடப்பது இதுதான். ஈரச் சாலையில் மணலும் சேறும் ரிம்மில் ஒட்டுகின்றன. பிரேக் பிடிக்கும்போது மணல் ரப்பருக்குள் பதிகிறது. அது ரிம்மைச் சுரண்டுகிறது. சுரண்டி வரும் அலுமினியமும் அதே ரப்பரில் போய்ப் பதிகிறது. அந்தச் சீவல் இன்னும் கொஞ்சம் ரிம்மைச் சுரண்டும். கொஞ்ச நாளில் பிரேக் கட்டை உப்புத்தாள் மாதிரி ஆகிவிடுகிறது. கரகரப்பு அந்தச் சுரண்டலின் சத்தம். ரப்பர் ரிம்மை முழுப் பரப்பில் தொடாததால் பிடிமானமும் குறைகிறது.

இந்த நிலையில் கேபிளை இறுக்கினால் கட்டை ரிம்மை நெருங்கி வரும். பிரேக் பிடிக்காத நேரத்திலும் லேசாக உரசும். சாதாரண சைக்கிளில் இது உடனே காலில் தெரியும். மிதிக்கக் கனமாக இருக்கும், இறங்கிப் பார்ப்போம். எலக்ட்ரிக் சைக்கிளில் அது தெரியாது. உரசலை மீறி மோட்டார் தள்ளிக்கொண்டே போகும். ஓட்டுபவருக்குத் தெரிவது பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்பது மட்டும்தான். அவர் பேட்டரியைச் சந்தேகப்படுவார். அதற்குள் ரிம் கிலோமீட்டர் கிலோமீட்டராகத் தேய்ந்துகொண்டிருக்கும்.

அந்தத் தம்பி இடையில் ஒருமுறை புதுக் கட்டையும் போட்டிருக்கிறார். ரிம்மைத் துடைக்காமல். பழைய கசடு புதுக் கட்டையில் ஏறி, சில நாளில் அதே கரகரப்பு. அப்புறம் இன்னும் கடினமான கட்டை. நேராக இருக்கும் ஓர் இரும்பு அளவுகோலை ரிம்மின் பக்கவாட்டில் வைத்துக் காட்டினேன். மேலும் கீழும் தொட்டது, நடுவில் வெளிச்சம் தெரிந்தது. தேய்மானம் காட்டும் வரிப்பள்ளம் முழுவதும் மறைந்திருந்தது. “கட்டைய மட்டும் மாத்துனா போதாதா?” என்று கேட்டார். போதாது. ரிம்மின் அந்தப் பக்கச் சுவருக்குப் பின்னால் காற்றழுத்தம் இருக்கிறது. தேய்ந்து மெலிந்த சுவர் ஒருநாள் பிளந்துகொள்ளும். டியூப் வெடித்து, டயர் வெளியே வந்து சக்கரமே சிக்கி நிற்கக்கூடும். பெரும்பாலும் அது காற்றழுத்தம் கூடும் நேரத்தில், அதாவது நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்து ரிம் சூடாகும்போது நடக்கும்.

சாதாரண சக்கரமாக இருந்தால் வேறொரு சக்கரம் வாங்கி மாட்டிவிடலாம். ஹப் மோட்டார் சக்கரத்தில் அது நடக்காது. மோட்டார் ஒயரைப் பிரித்து, அச்சு நட்டையும், அச்சு சுழலாமல் பிடிக்கும் முறுக்குத் தாங்கியையும் கழற்றி, சக்கரத்தை இறக்கி, எல்லா ஸ்போக்ஸையும் அவிழ்த்து, புது ரிம்மில் மறுபடி கோத்து, பெண்டு எடுக்க வேண்டும். புது ரிம்மின் உள்விட்டம் பழையதோடு ஒத்துப்போகாவிட்டால் ஸ்போக்ஸ் நீளம் சேராது. அதையும் மாற்ற வேண்டும். மோட்டார் சக்கரங்களில் தடிமனான ஸ்போக்ஸ் இருப்பதால் ரிம் துளையும் அதற்குப் பொருந்த வேண்டும். அதே அளவு ரிம் கிடைத்துவிட்டால், பழைய ரிம்மோடு ஒட்டி வைத்து டேப் போட்டு ஒவ்வொரு ஸ்போக்ஸாகப் புதியதற்கு மாற்றலாம். அப்போதும் ஒரு நாள் வேலை. ஒரு ஊசியும் கொஞ்சம் உப்புத்தாளும் காப்பாற்றியிருக்கும் ரிம் அது.

சத்தம் கேட்டதும் செய்ய வேண்டியது கஷ்டமில்லை. சக்கரத்தைக் கழற்றாமலே கட்டைகளை மட்டும் கழற்றுங்கள். முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மின்னுவதை எல்லாம் ஊசிமுனையால் நோண்டி எடுங்கள். சமதளத்தில் உப்புத்தாளை வைத்து, புது ரப்பர் தெரியும்வரை கட்டையைத் தேயுங்கள். ரிம்மின் இரு பக்கத்தையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால், துணியில் கறுப்பு ஏறுவது நிற்கும்வரை துடையுங்கள். அலுமினியத்தில் பிசிறு இருந்தால் நைசான உப்புத்தாளால் ஒரு சுற்று. அப்புறம்தான் கேபிள். கட்டைக்கும் ரிம்முக்கும் ஒவ்வொரு பக்கமும் 1 முதல் 2 மி.மீ. இடைவெளி போதும்.

உரசல் இருக்கிறதா என்று பார்க்க சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பார்கள். கியர் இல்லாத ஹப் மோட்டார்கள் காந்தத்தாலேயே கொஞ்சம் இழுக்கும். அதை உரசல் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பிரேக்கை அவிழ்த்துவிட்டு ஒருமுறை, மாட்டிவிட்டு ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் உரசுகிறது.

கிறீச்சிட்டால் எண்ணெய்

ஒரு சொட்டுகூட வேண்டாம். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது தெறிப்பதும் இதில் சேர்த்தி; பின் ரிம்மைத் துணியால் மூடிக்கொண்டு அடியுங்கள். எண்ணெய் குடித்த கட்டையைத் தூக்கிப் போடுங்கள்.

லீவரும் பிரேக்கும் சேராத ஜோடி

மோட்டார் கிட் மாட்டும்போது, பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் லீவரும் சேர்ந்து வரும். பழைய லீவரைக் கழற்றிப் போட்டுவிட்டு இதை மாட்டுவார்கள். அன்றிலிருந்து பிரேக் சரியில்லை. கட்டையை மாற்றுவார்கள், கேபிளை மாற்றுவார்கள், லீவரைச் சந்தேகப்படவே மாட்டார்கள். அதுதானே புதுசு!

1996-இல் ஷிமானோ வி-பிரேக்கைக் கொண்டுவந்தபோது அதற்கென்று தனி லீவரும் வந்ததற்குக் காரணம் உண்டு. வி-பிரேக்கின் கைகள் நீளமானவை. அவற்றை அசைக்க அதிக நீளம் கேபிள் இழுபட வேண்டும். ஆனால் அதிக விசை தேவையில்லை. சக்கரத்துக்கு மேலே ஒரே போல்ட்டில் மாட்டியிருக்கும் கேலிப்பர் பிரேக் நேர்மாறு: கேபிள் கொஞ்சம் நகர்ந்தால் போதும், விசைதான் அதிகம் வேண்டும். வி-பிரேக் லீவரைக் கேலிப்பரில் மாட்டினால் லீவர் கல்லு மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. கேலிப்பர் லீவரை வி-பிரேக்கில் மாட்டினால், கட்டை ரிம்மைத் தொடுவதற்குள் லீவர் கைப்பிடியில் போய் முட்டும். அதைச் சரிக்கட்ட மறுபடி கேபிளை இறுக்குவார்கள். பிறகு மேலே சொன்ன கதைதான்.

பழைய லீவர் நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொண்டு, கேபிளிலோ லீவரிலோ ஒட்டும் தனி கட்-ஆஃப் சென்சாரை மாட்டுங்கள். எனக்கு எப்போதும் இதுதான் பிடித்த வழி.

கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போடுவது

கூடவே கூடாது. அவுட்டர் என்பது கேபிளின் வெளியுறை. பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். பிரேக் அவுட்டருக்குள் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். பொதுவான கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் கிடக்கும். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது வெளியே இருக்கும் பிளாஸ்டிக் மட்டும்தான். பலமாக ஒரு பிரேக் அடித்தால் அது கிழிந்து பிதுங்கிவிடும். அதுவும் அவசரத்துக்கு பிரேக் அடிக்கும்போதுதான் கிழியும்.

அவுட்டர் சரியானதாக இருந்தும் பிடிமானம் இல்லை என்றால், முனைகளைப் பாருங்கள். வெட்டும்போது நசுங்கிய முனையை அரத்தால் தட்டையாக்கி, ஊசியால் துளையைத் திறந்து, கேப் போட வேண்டும். வி-பிரேக்கின் வளைந்த உலோகக் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அழுக்கு கட்டிக்கொள்ளும் இடம் அது. எலக்ட்ரிக் சைக்கிளுக்கே உரிய இன்னொன்று: மோட்டார் ஒயர், டிஸ்பிளே ஒயர் எல்லாவற்றையும் பிரேக் கேபிளோடு சேர்த்து டை போட்டு இறுக்கிக் கட்டிவிடுவார்கள். ஹேண்டிலைத் திருப்பும்போது அவுட்டர் நகர இடமில்லாமல் மடங்கும். டையைக் கொஞ்சம் தளர விடுங்கள்.

கிறீச் சத்தத்துக்குக் கட்டையை மிகையாகச் சாய்ப்பது

கட்டையின் முன்முனை முதலில் தொடும்படி லேசாகச் சாய்த்தால் கிறீச் நின்றுவிடும். இதை எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள், எவ்வளவு என்று சொல்வதில்லை. முன்முனை ரிம்மைத் தொடும்போது பின்முனையில் அரை முதல் 1 மி.மீ. இடைவெளி. அவ்வளவுதான். பின்முனைக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டை மடித்துச் செருகி, லீவரைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினால் சரியாக வரும். அதற்குமேல் சாய்த்தால் கட்டையின் பாதிதான் வேலை செய்யும். சத்தம் போய்ப் பிடிமானமும் போய்விடும். சாய்த்த பிறகும் கிறீச்சிட்டால், பிரேக் கையை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அச்சில் ஆட்டம் இருக்கும்போது கட்டையை எப்படி வைத்தாலும் கத்தத்தான் செய்யும்.

கட்டை டயரைத் தொடுவது

தொடவே கூடாது. டயர் சுவரை அறுத்துவிடும்.

கட்டை ஹோல்டரைத் தலைகீழாக மாட்டுவது

ரப்பரை மட்டும் உருவி மாற்றும் வகையில், ஹோல்டரின் மூடிய முனை முன்பக்கம் இருக்க வேண்டும். மாறினால் பிரேக் அடித்ததும் ரப்பர் முன்னால் பறந்துவிடும்.

மோட்டார் தள்ளுவதை பிரேக்கின் குறை என்று நினைப்பது

கட்டை, ரிம், கேபிள் எல்லாம் சரி. ஆனாலும் வண்டி நிற்கத் தயங்குகிறது. கட்-ஆஃப் வேலை செய்யாவிட்டால் நீங்கள் நிறுத்த, மோட்டார் தள்ளும். பெடல் சென்சார் உள்ள வண்டிகளில் மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு கணம் மோட்டார் ஓடுவது உண்டு. நெரிசலில் அந்த ஒரு கணமே பிரேக் பலவீனமாக இருப்பது போலக் காட்டும்.

மோட்டார் உள்ள சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மோட்டாரை ஓடவிட்டு, லீவரை மிக மெதுவாக அழுத்துங்கள். கட்டை ரிம்மைத் தொடுவதற்கு முன்பே மோட்டார் நிற்க வேண்டும். தொட்ட பிறகுதான் நிற்கிறது என்றால் காந்தத்தையோ சுவிட்சையோ நகர்த்த வேண்டியிருக்கும். இரண்டு லீவரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று வேலை செய்து மற்றது செத்துக்கிடப்பது சகஜம்.

இதன் மறுபக்கமும் உண்டு. துருப்பிடித்த கேபிளால் லீவர் முழுதாகத் திரும்பி வராவிட்டால், பிரேக் பிடித்தபடியே இருப்பதாக எண்ணி மோட்டார் ஓடாது. மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் போய்விட்டது என்று கழற்றிக்கொண்டு வருவார்கள். லீவரை விரலால் வெளியே தள்ளிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முன் பிரேக் அடித்தால் ஹேண்டில் அதிர்வது

பிரேக்கில் கை வைப்பதற்கு முன், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் டக் டக் என்று தட்டினால் கோளாறு அங்கே. அதை இறுக்கினால் அதிர்வு போய்விடும்.

புதுக் கட்டை போட்டதும் நேரே நெரிசலில் ஓட்டுவது

புதுக் கட்டை முதல் சில நிறுத்தங்களில் முழுதாகப் பிடிக்காது. ஆளில்லாத சமதளத்தில் ஓரளவு வேகம் எடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடக்கும் வேகத்துக்குக் குறைத்து விடுங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. முன்னும் பின்னும் தனித்தனியாக. பிறகு இறங்கி, கேபிள் இன்னர் கொஞ்சம் இளகியிருக்கிறதா, கட்டை நட்டுகள் திரும்பியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் லீவர் திருகில் அரைச் சுற்று.