பல வருடம் வாழ்ந்த வீட்டைக் காலி செய்கிறீர்களா?
பரணிலிருந்து தொடங்குங்கள், அடுப்படி கடைசி. பழைய போட்டோ ஆல்பத்தை மட்டும் முதல் நாளே திறந்துவிடாதீர்கள். திறந்தால் எழ மனம் வராது, அன்றைய வேலை அப்படியே நின்றுவிடும்.

புத்தகங்களுக்குச் சின்னப் பெட்டிதான் சரி. பெரியதில் அடுக்கினால் தூக்கும்போது அடிப்பக்கம் பிய்ந்துவிடும். எந்த அறைக்கான பெட்டி என்பதைப் பக்கவாட்டில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியபின் தெரியாது. கழற்றிய கட்டிலின் திருகுகளைச் சின்னப் பையில் போட்டு, அந்தச் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்துத் துடையுங்கள். பத்திரம், சான்றிதழ், நகை, தினசரி மாத்திரை எதுவும் லாரியில் ஏறவே கூடாது.

கதவு நிலையில் பிள்ளைகளின் உயரம் குறித்த பென்சில் கோடுகள் இருக்கின்றனவா? நீளக் காகிதம் ஒன்றை அருகில் ஒட்டி, கோடுகளையும் தேதிகளையும் அப்படியே படியெடுத்துச் சுருட்டி, கையோடு கொண்டுபோங்கள்.