பெரிய கலவாய், கொடுவா, திருக்கை: தூண்டிலில் ஏறியதை உயிரோடு திருப்பி விடுவது எப்படி

கையை விட்டதும் மீன் வாலை அடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போனால் அது பிழைத்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சில மணி நேரம் கழித்தோ இரண்டு மூன்று நாள் கழித்தோ அது செத்து மிதப்பதைப் பார்க்க அங்கே ஆள் இருப்பதில்லை. நெடுநேர இழுபறியில் தசையில் தேங்கிய அமிலம், உரஞ்சிப் போன சளிப்படலம், கிழிந்த செவுள் எல்லாம் மெதுவாகக் கொல்பவை. ஆகவே மீன் பிழைப்பதற்கான ஆயத்தத்தில் பெரும்பங்கு தூண்டில் தண்ணீரில் விழும் முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

எல்லா மீனையும் விடவேண்டியதில்லை. அறுக்குளா, கும்பிளா, முரல், ஒட்டி எல்லாம் கெதியாக வளர்ந்து கெதியாகப் பெருகுபவை; கறிக்கு எடுங்கள். கலவாயின் சங்கதி வேறு. அதில் பெரும்பாலான வகைகள் முதலில் பெண்ணாக முதிர்ந்து, பல ஆண்டுகள் கழித்து உடம்பு பெருத்த பிறகே ஆணாக மாறும். கொடுவா இதற்கு நேர்மாறு: ஆணாக முதிர்ந்து, ஏறத்தாழ 80 முதல் 100 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வரும்போது பெண்ணாகும். பெரியதாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டே போனால் கலவாயில் ஆண் அற்றுப்போகும், கொடுவாவில் முட்டை அற்றுப்போகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கொடுவாவுக்கு 58 சென்ரிமீற்றர் என்ற கீழெல்லையோடு 120 என்ற மேலெல்லையும் இருக்கிறது. அதைவிட நீண்டதை விட்டுவிட வேண்டும். நமது யாழ்ப்பாண நீரேரிக்கு நாங்கள் சொல்லக்கூடியது: கலவாய் 70 சென்ரிமீற்றரைத் தாண்டினால் விடுங்கள், கொடுவா 90-ஐத் தாண்டினால் விடுங்கள். இது சட்டமல்ல, எங்கள் கணிப்பு.

சுறா, திருக்கை, உழுவை (கிற்றார் வடிவிலான திருக்கை இனம்) மூன்றும் பிந்தியே முதிர்ந்து, குறைவாகவே குட்டி ஈனுபவை. வறைக்குப் பால்சுறா காணும். ஆளுயர உழுவையின் இறைச்சி அதைவிட ருசி என்று யாரும் நிரூபித்ததில்லை.

தூண்டிலும் நூலும்

உயிர் மணலை மீனையோ இறாலையோ குத்திப் போடுபவர்கள் வட்ட வளைவுள்ள சேர்க்கிள் ஹூக் வாங்குங்கள். மணலைக்கு 7/0 முதல் 9/0 வரை, இறாலுக்கு 3/0 முதல் 5/0 வரை போதும். கடையிலேயே ஒன்றை எடுத்து மேசையில் படுக்கப்போட்டுப் பாருங்கள். தண்டு, வளைவு, முனை மூன்றும் ஒரே தளத்தில் படுக்க வேண்டும். முனை ஒரு பக்கம் திரும்பி மேலே நின்றால் அது தொண்டையில் குத்தும் வாய்ப்புக் கூடும். சேர்க்கிள் வாங்கியதன் பயன் பாதி போய்விடும். துருப்பிடிக்காத எஃகில் செய்ததை வாங்காதீர்கள். மீனுக்குள் தங்க நேர்ந்தால் சாதாரண கார்பன் எஃகுதான் அரித்துப் போகும்.

அடுத்தது முள்ளை மழிப்பது. நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளைக் குறட்டின் தட்டையான வாயால் அமத்திவிடுங்கள். பழைய சாரத் துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள்: நூல் ஒன்றும் சிக்காமல் வந்தால் வேலை முடிந்தது. முள் இல்லாவிட்டால் மீன் கழன்றுவிடும் என்று பயப்படுபவர்கள் நூலைத் தளர விடுபவர்கள்தான். செயற்கை இரையில் வரும் மும்முனைத் தூண்டில்களையும் கழற்றி ஒற்றைத் தூண்டில் மாட்டுங்கள். மும்முனை ஒன்று வாயிலும் மற்றது கண்ணிலும் ஏறினால் அந்த மீனை விடுவதில் பொருளில்லை.

சேர்க்கிளில் மீன் கடித்ததும் றொட்டை வெடுக்கென்று உயர்த்தக் கூடாது. பழக்கத்தில் கை தானாக உயரும், அடக்குங்கள். மீன் இரையோடு திரும்பி ஓடவிட்டு, றீலை மெதுவாகச் சுற்றி நூலை இறுக்கினால் தூண்டில் தொண்டையிலிருந்து வழுக்கி வந்து கடைவாயில் மாட்டும்.

மெல்லிய நூலில் பெரிய மீனை அரை மணி நேரம் விளையாட்டுக் காட்டுவது கெட்டித்தனம் அல்ல, மீனைக் கொல்லும் வழி. பெரிய மீன் நிற்கும் இடத்தில் 50 இறாத்தல் பின்னல் நூல், முன்னால் ஒன்றரை மீற்றர் 80 இறாத்தல் தங்கூசி (ஒற்றை இழை நைலோன்). றீலின் ட்ராக்கை (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை) விரலால் இழுத்து மட்டுக்கட்டாமல் கொளுக்கித் தராசில் மாட்டி அளவுங்கள்: நூலின் வலுவில் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை, அதாவது இந்த நூலுக்கு 5½ முதல் 7½ கிலோ. கலவாய்க்கு மேல் அளவையே வையுங்கள். அது முதல் சில விநாடிகளிலேயே பொந்துக்குள் ஓடப் பார்க்கும். ஓடிவிட்டால் இழுத்துக்கொண்டு நிற்காதீர்கள். செவுள் மூடி கல்லில் கிழியும். நூலை முழுதாகத் தளர்த்தி ஐந்து நிமிடம் பொறுத்தால் பல வேளை தானாக வெளியே வரும்.

நேரமும் இடமும்

30 பாகை வெப்பமான கடல்நீர் நிரம்பலாகப் பிடித்துவைத்தாலும் லீற்றருக்கு 6 மில்லிகிராம் சொச்சம் ஒட்சிசன்தான் வைத்திருக்கும். யாழ்ப்பாண நீரேரி ஆழம் குறைந்தது, வற்றுப்பெருக்கும் சொற்பம். சித்திரை, வைகாசியில் காற்று விழுந்த மதியத்தில் பண்ணைப் பாலத்துப் பக்கம் தண்ணீர் வெந்நீராகக் கிடக்கும். அந்த நேரத்தில் களைத்த மீன் மூச்சு மீட்காது. விடிகாலை நல்லது என்பதும் எங்கும் பொருந்தாது: சாதாளை (கடற்புல்) அடர்ந்த ஓட்டமில்லாத தண்ணீரில் இரவு முழுவதும் தாவரங்களே ஒட்சிசனை எடுத்துவிடுவதால் விடியும் தறுவாயில்தான் அது மிகக் குறைவு. சோளகம் வீசி அலை அடிக்கும் மாலை, அல்லது பாலத்து வாய்க்கால்களில் நீரோட்டம் உள்ள நேரம் பாருங்கள்.

பாலத்திலிருந்து தூண்டில் போடுபவர்களுக்கு ஒரு கண்டிப்பு: பெரிய மீனை நூலில் தொங்கவிட்டுத் தூக்க வேண்டாம். நூல் அறுந்தால் அது கல்லில் விழும். அறாவிட்டால் தாடை மூட்டு கிழியும். மீன் கடித்தால் எந்தப் பக்கமாக நடந்து கரைக்கு இறங்குவது என்பதை இரை போடும் முன்பே பார்த்துவையுங்கள். இறங்க வழியில்லாத இடத்துக்குத் தொங்குவலை தேவை: 8 மில்லிமீற்றர் கம்பியை வளைத்து ஒட்டிய ஒரு மீற்றர் அகல வளையம், அதில் றப்பர் வலை அல்லது முடிச்சில்லாத வலை, வளையத்தில் மூன்று இடத்தில் கட்டி ஒன்றாகச் சேர்த்த கயிறு. வளையத்தின் ஒரு பக்கத்தில் கால் கிலோ ஈயம் கட்டினால் வலை உடனே அமிழும். தங்கூசி வலைத் துண்டை இதற்குப் பாவிக்காதீர்கள். அது சளியையும் செட்டைச் சவ்வையும் அரிந்துவிடும். இவ்வளவும் முடியாதென்றால் அந்த இடத்தில் பெரிய மீனுக்குத் தூண்டில் போடாமல் விடுவதே மேல்.

கைக்கு வந்த பிறகு

முடிந்தவரை தண்ணீருக்குள் வைத்தே வேலையை முடியுங்கள். முழங்கால் தண்ணீரில் நின்று, நீள்மூக்குக் குறட்டால் தூண்டிலின் வளைவைப் பிடித்து, அது ஏறிய வழியிலேயே பின்னால் தள்ளித் திருப்பினால் முள் மழித்த தூண்டில் இரண்டு விநாடியில் வந்துவிடும். படகில் ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால் வழுவழுப்பான தறப்பாள் ஒன்றைக் கடல்நீரில் நனைத்து முதலே விரித்து வையுங்கள். வெயிலில் கிடந்த பைபர் படகின் தட்டு தோலைச் சுட்டுவிடும். ஈரச் சீலையொன்றை மீனின் கண்ணில் போட்டால் துடிப்பு அடங்கும்.

கை நனைந்திருக்க வேண்டும். துணிக் கையுறை வேண்டாம். ஒரு கை வாலடியில், மற்றது நெஞ்சுச் செட்டைக்குச் சற்றுப் பின்னே வயிற்றுக்குக் கீழ். மீன் கிடையாக இருக்க வேண்டும். தாடையில் பிடித்து நிமிர்த்தித் தொங்கவிட்டுப் படம் எடுக்கிற பழக்கம்தான் பெரிய கொடுவாவுக்கு எமன்: தண்ணீர் தாங்கி வளர்ந்த 10 கிலோ உடம்பு முழுவதும் தாடைச் சவ்விலும் கழுத்து முள்ளிலும் தொங்குகிறது. செவுளுக்குள் விரல் போகவே கூடாது. கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு கத்தி போன்றது, அது உங்களுக்கும் ஒரு பாடம் சொல்லும். படம் வேண்டுமென்றால் கைபேசியைத் திறந்து வைத்திருப்பவர் முதலில் தயாராகட்டும், பிறகு மீனைத் தூக்குங்கள். தண்ணீருக்கு வெளியே 30 விநாடி கணக்கு. நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டால் கடிகாரம் தேவையில்லை. நிறை பார்ப்பதை விட்டுவிட்டு நீளத்தை அளவுங்கள்.

தூண்டிலை விழுங்கியிருந்தால் பிடுங்க வேண்டாம். எட்டிய மட்டும் உள்ளே கத்தரிக்கோலை விட்டுத் தங்கூசியை வெட்டிவிடுங்கள். வயிற்றில் தங்கிய தூண்டிலோடு பிழைக்கும் மீன்கள், குடலைக் கிழித்துத் தூண்டில் எடுக்கப்பட்டுப் பிழைக்கும் மீன்களைவிட அதிகம். வெளியே நீளமாக நூல் தொங்க விடுவதுதான் பிழை. அது கல்லில் சுற்றிக்கொள்ளும்.

விடும்போது தலை நீரோட்டத்தை எதிர்த்து இருக்கட்டும். முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், பின்னோக்கி இழுக்கும்போது தண்ணீர் செவுளுக்குள் தலைகீழாக ஓடும். கலவாயும் கொடுவாவும் தாமே வாயால் தண்ணீரை இழுத்துச் செவுளால் விடக்கூடியவை. நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பொறுத்திருந்தால் காணும். ஓட்டமே இல்லாத இடத்தில் மெதுவாக முன்னால் நடத்துங்கள். கையைத் தளர்த்தியதும் மீன் சரிந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை. வாலடியைப் பிடித்த கையை அது உதறித் தள்ளும்போது விடுங்கள்.

நீரேரியில் இன்னொன்றும் பாருங்கள். களைத்த மீன் முதலில் ஓட்டத்தோடுதான் போகும். ஓட்டம் போகும் திசையில் சிறகுவலை நாட்டியிருந்தால் நீங்கள் பட்ட பாடெல்லாம் வலைக்காரருக்கு. நூறு மீற்றர் தள்ளிப்போய் விடுங்கள்.

ஆழத்திலிருந்து வந்தவை

தீவகத்துக்கு மேற்கே பாக்குக் குடாவில் பெரும்பாலும் 15 மீற்றருக்குள்தான் ஆழம். பருத்தித்துறைக்கு வெளியே கிழக்கே போய்க் கல்லில் தூண்டில் இறக்குபவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு, 30 மீற்றரில் நான்கு மடங்கு. 30 மீற்றரிலிருந்து கலவாயைத் தூக்கினால் அதன் காற்றுப்பையிலுள்ள வாயு நான்கு மடங்காக விரியப் பார்க்கும். வயிறு ஊதி, கண் பிதுங்கி, வாய்க்குள் இளஞ்சிவப்புப் பந்துபோல ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கும். மெதுவாக இழுத்தால் சரியாகும் என்பது வீண்: கலவாய்க்குக் காற்றை வெளியேற்ற வழி இல்லை, வாயு இரத்தத்தில் கரைந்து குறைய மணிக்கணக்காகும்.

வாய்க்குள் தெரிவது காற்றுப்பை என்று நினைத்துக் கத்தியால் குத்துகிறார்கள். அது புறம் தள்ளிய இரைப்பை. குத்தவும் வேண்டாம், விரலால் உள்ளே தள்ளவும் வேண்டாம். மீனை மறுபடி ஆழத்துக்கு இறக்கினால் வாயு சுருங்கும், இரைப்பை தானாக உள்ளே போகும்.

இறக்கும் கருவியைச் சல்லிக் காசில் செய்யலாம். 10/0 தூண்டில் ஒன்றின் முள்ளை மழியுங்கள். கயிற்றை அதன் காதில் கட்டாமல் வளைவின் வெளிப்புறத்தில் கட்டி, காதில் ஈயத்தைத் தொங்கவிடுங்கள். இப்போது தூண்டில் தலைகீழாக, முனை கீழ்நோக்கி நிற்கும். மீனின் தாடையில் முதலே விழுந்த துளைக்குள் அந்த முனையைச் செலுத்திக் கயிற்றை விட்டால் ஈயம் மீனைத் தலைகீழாக இழுத்துக்கொண்டு போகும். அடியைத் தொட்டதும் கயிற்றை வெடுக்கென்று ஒருமுறை மேலே இழுங்கள், தூண்டில் கழன்றுவிடும். 5 கிலோ கலவாய்க்கு 2 கிலோ ஈயத்தில் தொடங்குங்கள். மீன் கீழே போகாமல் இழுபட்டால் இன்னும் அரை கிலோ கூட்டுங்கள். கருவி கயிற்றோடு கையருகே இருக்க வேண்டும். மீன் தட்டில் கிடக்கும்போது ஈயம் தேடினால் காரியம் கெட்டுவிடும்.

சுறாவுக்கும் திருக்கைக்கும் காற்றுப்பையே இல்லை, ஆகவே இந்தத் தொல்லையும் இல்லை.

திருக்கை, உழுவை, சுறா

திருக்கையைப் படகில் ஏற்ற வேண்டாம். வாலிலுள்ள முள் நஞ்சுள்ளது என்பது ஒரு காரணம். கண்ணுக்குப் பின்னாலுள்ள துளைகளில் விரலைக் கொளுவித் தூக்குவது அதைவிடப் பெரிய கேடு: அவை அது மூச்சுக்குத் தண்ணீர் எடுக்கும் வழி. சினையாக உள்ள திருக்கை பிடிபட்ட அதிர்ச்சியில் முற்றாத குட்டிகளைப் போட்டுவிடும். தண்ணீரிலேயே நூலைத் தூண்டிலோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். உழுவையின் வாலில் நஞ்சு முள் இல்லை; ஆனால் வாலில் பிடித்து இழுத்தால் முதுகெலும்பு விலகும்.

சுறாவில் பல வகைகளுக்கு ஓடிக்கொண்டிருந்தால்தான் மூச்சு. களைத்திருந்தால் படகோரத்தில் தலையை முன்னே வைத்துப் பிடித்து எஞ்சினை ஆகக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள்.

செவுளிலிருந்து இரத்தம் விடாமல் ஓடும் மீன் பிழைக்காது. எடுக்கத் தடையில்லாத இனமானால் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைப்பதில் பிழையில்லை. திரெசர் சுறா வகைகளுக்கு 2012-இலும், திமிங்கிலச் சுறாவுக்கும் ஆழ்கடல் வெண்முனைச் சுறாவுக்கும் 2015-இலும் இலங்கையில் தடை வந்துவிட்டது. அவை தூண்டிலில் செத்தே வந்தாலும் கரைக்குக் கொண்டுவர முடியாது, கடலிலேயே போட்டுவிட வேண்டும்.