புதுச்சேரி அருங்காட்சியகத்தில் முதலில் பாசிமணியைப் பாருங்கள்

திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். நான் முதன்முதலாகப் போனது ஒரு திங்கட்கிழமை. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அக்கா பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு, புதுச்சேரி வரை போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. வாரத்தில் அவர்களுக்கு அன்றைக்குத்தான் விடுமுறை. எதிரே பாரதி பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நடுவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபத்தைக் காட்டி, "சித்தி, இதுதான் மியூசியமா?" என்று சின்னவள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை.

இரண்டாவது தடவை சரியான நாளில் போனோம். ஆனால் அதுவும் வீண். வாசலில் ஒருவர் தானே வந்து சுற்றிக் காட்டுகிறேன் என்றார், காசு வாங்கிக்கொண்டார், கால் மணி நேரத்தில் எல்லா அறைகளையும் ஓட்டிக் காட்டி வெளியே விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து என்ன பார்த்தீர்கள் என்று அக்கா கேட்டதற்குப் பிள்ளைகள் இரண்டும் ஒரே குரலில் "கட்டில்" என்றன. பிரெஞ்சுக்காரர் காலத்து கவர்னர் டூப்ளே படுத்த கட்டில் என்று ஒன்று அங்கே இருக்கிறது. அவ்வளவுதான் மனதில் நின்றது.

மூன்றாவது தடவைதான் நான் உண்மையில் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் ஆரி வேலை செய்கிறவள். கல்யாணப் பிளவுஸ், முதுகுப் பக்கம் மயில், கையில் மாங்காய், இந்த மாதிரி. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மணி கோர்க்கிறேன். அன்றைக்கு சுகர் பீட்ஸ் என்ற பொடிக் கண்ணாடி மணி வாங்கப் புதுச்சேரி போயிருந்தேன். கடைக்காரர் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மீதிச் சரக்கு மதியத்துக்கு மேல்தான் வரும் என்றார். வெயில். சரி, அருங்காட்சியகத்தில் போய் நிற்கலாம் என்று போனேன். புதுச்சேரிக்குப் பக்கத்தில், ரோமோடு வாணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த பொருட்கள் இருக்கும் பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் பாசிமணிகள் இருந்தன. கை தன்னால் பைக்குள் போய், காலையில் வாங்கியிருந்த கொஞ்சம் மணியை எடுத்து உள்ளங்கையில் கொட்டிக்கொண்டது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அளவு, உருண்டை, நடு ஓட்டை எல்லாம் ஒரே மாதிரி. ஒன்று போன வாரம் வந்த சரக்கு. இன்னொன்றுக்கு வயது 2,000 வருடத்தைத் தொடும்.

அதனால் நீங்கள் போனாலும் சிலைகளிலிருந்து தொடங்காதீர்கள். சிலை பெரியது, அழகானது, கண்ணைப் பிடுங்கிக்கொள்ளும். அதைப் பார்த்தபிறகு சின்னது எதுவும் கண்ணில் படாது. முதலில் பாசிமணி, அப்புறம் உடைந்த பானை ஓடு, கடைசியில் சிலை.

மணியை எப்படிப் பார்ப்பது? ஓட்டையைப் பாருங்கள். கண்ணாடி மணிக்கும் கல் மணிக்கும் ஓட்டை வந்த விதமே வேறு. கண்ணாடி மணியில் யாரும் துளை போடவில்லை. உருக்கிய கண்ணாடிக் கட்டிக்குள் காற்றுவெளி விட்டு, சூட்டோடு நீளமாக இழுத்தால் உள்ளே ஓட்டையுள்ள மெல்லிய குழாய் வரும். அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூடு காட்டி முனை மழுக்கினால் மணி. நாங்கள் இன்று கோர்க்கும் பொடி மணியும் இழுத்து நறுக்கியதுதான். ஆந்திரத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் இந்தப் பழைய கைமுறை நம் காலம் வரை வந்திருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், கறுப்பு என்று இந்த மணிகள் அரிக்கமேட்டில் குவியலாகக் கிடைத்தன. இந்த வகை மணி கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பரவியதால் ஆராய்ச்சியாளர்கள் இதை இந்தோ-பசிபிக் மணி என்கிறார்கள்.

கல் மணி அப்படியில்லை. சூதுபவளம், அகேட், படிகம், செவ்வந்திக்கல் என்று கெட்டிக் கல். இதை இழுக்க முடியாது, துளைத்துத்தான் ஆக வேண்டும். ஒரு பக்கமிருந்தே துளைத்தால் மறுபக்கம் வெளிவரும்போது கல் சில்லுவிட்டுப் போகும். அதனால் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று துளைப்பார்கள். படிக மணி இருந்தால் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கல்லுக்குள்ளே இரண்டு துளையும் சந்திக்கும் இடம் தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம். சூதுபவளத்தின் அந்த நல்ல சிவப்பும் முழுக்கக் கல்லோடு பிறந்ததில்லை, நெருப்பில் வாட்டினால்தான் நிறம் ஏறும். ஒரு மணியில் எத்தனை நாள் கூலி இருக்கிறது என்று எனக்கு உடனே கணக்குப் போடத் தோன்றியது. எங்கள் வேலையில் அந்தப் புத்தி போகாது.

பிள்ளைகளோடு போனால் ஒரு வேலை கொடுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பிடித்த மணி மூன்றை மட்டும் வரையச் சொல்லுங்கள். வரைந்தால்தான் பார்ப்பார்கள். போட்டோ எடுக்கலாமா என்று மட்டும் வாசலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்காமல் போனை நீட்டி, காவலரிடம் திட்டு வாங்கிக்கொண்டு அந்த மனநிலையில் எதையும் பார்க்க முடியாது.

அடுத்தது ஓடுகள். இங்கேதான் பலரும் நடையைக் கட்டுகிறார்கள். உடைந்த பானையை யார் பார்ப்பது? எனக்கும் முதலில் அப்படித்தான். ஆனால் இந்த அருங்காட்சியகத்திலேயே விலைமதிப்பற்றது எது என்று கேட்டால் நடராஜரை விட்டுவிட்டு ஒரு சிவப்புப் பானைத் துண்டைத்தான் காட்டுவேன்.

இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊரில் செய்த, வழவழவென்று மினுங்கும் செந்நிறத் தட்டு, கிண்ணங்களை அரெட்டைன் மட்கலம் என்பார்கள். சிலவற்றில் பட்டறையின் பெயர் முத்திரையாக இருக்கும். அரிக்கமேட்டில் கிடைத்த துண்டுகளில் விபீ, கமுரி, இட்டா என்ற பெயர்கள் படிக்கப்பட்டிருக்கின்றன. இந்தக் கலங்கள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டன என்பது இத்தாலியில் நன்றாகத் தெரியும். கிறிஸ்து பிறப்புக்குக் கொஞ்சம் முன்னும் கொஞ்சம் பின்னும். சரி, அந்த ஓடு எந்த மண் அடுக்கில் கிடக்கிறதோ, அதே அடுக்கில் கிடக்கும் நம் ஊர்ப் பானைக்கும் ஏறக்குறைய அதே வயதுதானே? 1945-இல் அரிக்கமேட்டில் தோண்டிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் பிடித்துக்கொண்டது இந்த முடிச்சைத்தான். அதுவரை தென்னிந்தியப் பானைகளுக்குத் தேதி சொல்ல உறுதியான பிடி இல்லை. அதற்கப்புறம் வேறெங்காவது அதே பானை கிடைத்தால், ஓ, இது இந்தக் காலம் என்று சொல்ல முடிந்தது. பட்டுப்புடவைக் கடை ரசீது ஒன்று பழைய பெட்டியில் கிடைத்தால் அதோடு இருக்கும் மற்றதெல்லாம் எந்த வருடக் கல்யாணத்துக்கு வாங்கியது என்று தெரிந்துவிடும் இல்லையா, அந்த மாதிரி.

உள்ளே வட்டவட்டமாகப் பொடிக் கீறல் ஓடும் மெல்லிய தட்டோடுகளையும் பாருங்கள். ரௌலட்டட் என்று எழுதியிருக்கும். ஒரு காலத்தில் இதையும் ரோமிலிருந்து வந்தது என்றே நினைத்தார்கள். பிறகு அது இந்தியாவிலேயே செய்தது என்று தெரிந்தது. தமிழி என்ற பழைய தமிழ் எழுத்து கீறிய ஓடுகளும் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. பானையில் பேர் கீறிவைக்கும் பழக்கம் நமக்கு எவர்சில்வர் காலத்தில் வந்ததில்லை.

ஆம்போரா என்ற மதுச்சாடியின் துண்டுகளையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கம் காது, அடியில் கூர். கப்பலில் ஒன்றோடு ஒன்று செருகி அடுக்கவும் மணலில் குத்தி நிறுத்தவும் அந்தக் கூர் வசதி. திராட்சை மது மட்டும் என்று நினைத்திருந்தேன். ஆலிவ் எண்ணெய் வந்த சாடியும் மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த சாறு வந்த சாடியும் இங்கே கிடைத்தவற்றில் உண்டு. கருவாடு விற்கும் கரைக்கு, ரோமிலிருந்து மீன் சாறு! எங்கள் கடலூர் முதுநகர் ஆட்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

இதற்கு மேல் வெண்கலச் சிலைகள். இங்கே ஒரே ஒரு யோசனைதான் சொல்வேன். முகத்தைப் பார்த்து முடித்ததும் பீடத்தைப் பாருங்கள். ஓரத்தில் துளையோ வளையமோ இருக்கும். வீதி உலாவுக்குக் கம்பு செருகிக் கட்டித் தூக்கியதற்கான இடம் அது. பட்டுக் கட்டி, மாலை போட்டு, தீவட்டி வெளிச்சத்தில் தெருவில் வந்த சாமி இப்போது டியூப் லைட் கீழே நிற்கிறார் என்று அப்போதுதான் உறைக்கும்.

பிரெஞ்சுக்காரர் மேசை நாற்காலி, பல்லக்கு, பூஸ்-பூஸ் என்ற தள்ளுவண்டி எல்லாம் நிற்காமல் நடந்துகொண்டே பார்க்கலாம். கட்டிலையும் பார்த்துவிடுங்கள், வீட்டில் கேட்பார்கள்.

போக்குவரத்து: கடலூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வசதி. தூரம் சுமார் 22 கிலோமீட்டர்தான். கன்னியக்கோயில், தவளக்குப்பம், நோணாங்குப்பம் தாண்டினால் அரியாங்குப்பம். அரிக்கமேட்டுக்கு அங்கேதான் இறங்க வேண்டும். ஆனால் போகும்போது இறங்காதீர்கள். பொருளைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்தால் அது வெறும் தோப்பு. நேராகப் புதுச்சேரி போய், பேருந்து நிலையத்திலிருந்து பாரதி பூங்கா என்று சொல்லி ஆட்டோ பிடியுங்கள். செயின்ட் லூயிஸ் தெரு என்று சொல்வதைவிட பூங்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆட்டோவில் ஏறும் முன்பே கட்டணம் பேசிவிடுங்கள். காலையிலேயே போய் மதியத்துக்குள் முடித்துக்கொண்டால், சாப்பிட்டுவிட்டு வெயில் தாழ்ந்ததும் அரிக்கமேடு.

அரியாங்குப்பத்தில் இறங்கி வீராம்பட்டினம் போகும் சாலையில் கிழக்கே திரும்பிப் போக வேண்டும். காக்காயந்தோப்பு என்று கேட்டால் வழி சொல்வார்கள். ஆற்றங்கரை, மரங்கள், வளைவோடு நிற்கும் ஒரு செங்கல் இடிபாடு. அந்த இடிபாட்டைப் பார்த்து ரோமானியர் வீடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள், நான் சொல்லியிருக்கிறேன். அது 18-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவப் பாதிரிமார்கள் இருந்த கட்டடம். பழையது எல்லாம் காலுக்குக் கீழே. வீலர், அவருக்குப் பின் 1940-களின் கடைசியில் கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று பலர் தோண்டியும் இன்று மேலே தெரிவது குறைவுதான்.

ஆற்றைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்காருங்கள். இந்தக் கரையில் பழைய செங்கல் சுவர் தெரிகிறது என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த லெ ஜென்தீல் ஒரு வானியல்காரர். சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து கிளம்பி வந்தவர். 1761-இல் வந்தபோது ஊர் ஆங்கிலேயர் கையில், அவர் கப்பலிலேயே மாட்டிக்கொண்டார். அடுத்தது 1769-இல் என்று இந்தப் பக்கமே எட்டு வருடம் காத்திருந்து, புதுச்சேரியில் எல்லாம் தயார் செய்து வைத்தார். அன்றைக்குக் காலையில் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. என் திங்கட்கிழமைக் கோபம் அவர் கதையைக் கேட்டபிறகு போய்விட்டது.

ஒரு விஷயம் கறாராகச் சொல்கிறேன். மழைக்குப் பின் போனால் மண்ணில் ஓடோ மணியோ கண்ணில் படலாம். எடுக்காதீர்கள். இது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எந்த அடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால் அந்த மணி என் டப்பாவில் இருக்கும் சுகர் பீட்ஸ் மாதிரிதான், யாருக்கும் எதையும் சொல்லாது. 1930-களில் ழுவோ-துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் இந்த ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளைச் சேகரித்தார். அதனால்தான் இந்த இடத்தின் மேல் கவனம் விழுந்தது. அப்போது அது சரி. இப்போது நீங்கள் பார்த்தால் பார்த்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

போன மாசியில் சின்னவளை மறுபடி கூட்டிப் போனேன். இந்தத் தடவை நோட்டில் மூன்று மணிக்குப் பதில் ஒன்றுதான் வரைந்தாள், ஒரு பக்கம் முழுக்க. சிவப்புக் கல் மணி, ஓட்டை கொஞ்சம் கோணல். திரும்பும் பஸ்ஸில் நோணாங்குப்பம் பாலத்தில் வரும்போது அதைக் காட்டி, "சித்தி, இவங்க கைதவறிட்டாங்க போல" என்றாள். நான் போன வாரம் பிரித்துத் தைத்த ஒரு மயில் கழுத்து ஞாபகம் வந்தது. "ஆமாம்டி, அன்னிக்கு வெளிச்சம் பத்தலை போல" என்றேன்.